முதிய பூனை திடீரென நடை தளர்ந்தால்

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நெல்லும் மணிலாவும் உளுந்தும் மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன. தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே குடியானவர் வீட்டில் பூனை வெறும் செல்லப் பிராணியன்று, சம்பளமில்லாத காவற்காரன். எனினும், மாடு நொண்டினால் அன்றே வைத்தியரை நாடும் நாம், பூனை காலை இழுத்து நடந்தால் ‘வயதாகிவிட்டது’ என்று கூறி விட்டுவிடுகிறோம். திருமுதுகுன்றம் என்று ஊரின் பழம் பெயரிலேயே முதுமை இருப்பதனாலோ என்னவோ!

10 வயதுப் பூனை ஏறக்குறைய 56 வயது மனிதருக்கும், 15 வயதுப் பூனை 76 வயது மனிதருக்கும் ஒப்பாகும். அவ்வயதில் மூட்டுத் தேய்வு இயல்பே. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளில் தேய்வின் அடையாளம் காணப்பட்டது. ஆனால் தேய்வு மெல்ல மெல்ல வருவது. பூனை முதலில் மதில்மேல் தாவுவதை நிறுத்தும். பிறகு திண்ணைப் படியில் தயங்கும். நேற்று மாலை வரை நன்றாக ஓடிய பூனை இன்று காலை எழவில்லையெனில், அதற்குக் காரணம் முதுமையன்று. நோயோ, காயமோ, விஷமோ ஆகும்.

தொடுமுன் ஓர் எச்சரிக்கை. தடுப்பூசி போடாத பூனையை அண்மை மாதங்களில் நாயோ வேறு விலங்கோ கடித்திருந்தால், கால் இழுப்பு வெறிநோயாகவும் இருக்கலாம். வெறிநோய் எப்போதும் சீற்றமாகவே வெளிப்படுவதில்லை, வாதமாகவும் வரும். அத்தகைய பூனையை வெறுங்கையால் தூக்கலாகாது. அது கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஐயம் இல்லையெனில் பின்னங்கால் பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். அவை சில்லிட்டு, வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்து, பூனையும் வலி தாளாமல் கத்தினால், இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி பெருந்தமனி இரு கால்களுக்கும் பிரியுமிடத்தில் வந்து அடைத்திருக்கக்கூடும். இது மணிக்கணக்கில் முற்றும் ஆபத்து. காலைத் தேய்ப்பதும் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதும் கூடாது. கூடையில் சாக்கு விரித்து, முதுகு வளையாமல் கிடத்தி, உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பல பூனைகள் இதில் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வலியைத் தணிக்க மருந்துண்டு.

பாதம் சூடாக இருந்து நடை மட்டும் தள்ளாடினால் விஷத்தை நினைவுகூர்க. எலி மருந்து தின்ற எலியைப் பூனை தின்றிருக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்துகளால் மூட்டுக்குள்ளும் தண்டுவடத்தருகிலும் இரத்தம் கசியும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்துகள் சிலவும் பூனைக்கு நடுக்கத்தை உண்டாக்கும். மருந்தின் டப்பாவை வைத்தியரிடம் எடுத்துச் செல்வது நலம். கணுக்கால் தரையில் படிய நடந்தால் நீரிழிவு இருக்கலாம். சில சமயம் காரணம் மிக எளிது: கிழப் பூனையின் நகம் தேயாமல் வளைந்து பாதத்திலேயே குத்தியிருக்கும். வைத்தியர் அதை வெட்டி எடுத்துப் புண்ணுக்கு மருந்திட்டால் நடை திரும்பும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. இரக்கப்பட்டு நம் வீட்டுப் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடும்.

வைத்தியர் பார்த்த பின் வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. படுக்கை தரை மட்டத்தில், மடித்த கோணிமேல், காற்றுத் தாக்காத மூலையில் இருக்கட்டும். தண்ணீருக்கு அகன்ற, தாழ்ந்த, கனமான பீங்கான் கிண்ணமே சிறந்தது. பூனை தடுமாறினாலும் அது சரியாது. விருத்தாசலத்தாருக்கு இது எட்டாப் பொருளன்று. மலஜலத்திற்கு மணல் பரப்பிய ஆழமற்ற தட்டைப் படுக்கைக்கு அருகே வைக்க வேண்டும். எழ முடியாத பூனையைச் சில மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, பின்புறத்தைத் துடைத்து உலர்த்தாவிடில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, இரண்டு நாள் உண்ணாவிட்டாலோ மீண்டும் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரல் கெடும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கதும் உண்டு. பொதுக் கிடங்கிலோ வயல்களிலோ எலி மருந்து வைக்கும் நாளை முன்னதாகத் தண்டோரா போட்டு அறிவித்து, செத்த எலிகளை மறுநாள் காலையில் பொறுக்கி ஆழப் புதைக்கச் செய்யலாம். உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28ஐ ஒட்டித் தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்யும்போது, நாய்களோடு பூனைகளையும் கூடையில் வைத்துக் கொண்டுவரும்படி வீடுதோறும் சொல்லி வைப்பது அவசியம்.