விலக்கிய பெயருக்கும் ஓர் இடம்

ஒரே வியாதிக்கு வைத்தியர் ஒரு பெயரும், ஜனங்கள் ஒரு பெயரும், சென்ற தலைமுறையின் ஏடுகள் பிறிதொரு பெயரும் வழங்கி வருகையில், அவ்வியாதியைப் பற்றி உலகெங்கும் வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் ஒருங்கே எடுத்துத் தரக் கடமைப்பட்ட நூலகர், அப்பெயர்களுள் ஒன்றைத் தலைப்பாக நிர்ணயித்து, மற்றவற்றை அதனிடம் வழிகாட்டும் பெயர்களாக நிறுத்த வேண்டியவராகிறார். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், பிராங்க் ராஜர்ஸ் அதன் தலைவராயிருந்த காலத்தில், 1960இல் ஏறக்குறைய 4,400 தலைப்புகளுடன் பிரசுரித்த 'மெஷ்' என்னும் பட்டியல் இத்தகையதே. 'கேன்சர்' என்று தேடி வருபவரை அது 'நியோபிளாசம்ஸ்' என்ற தலைப்பிடமும், 'ஹார்ட் அட்டாக்' என்று வருபவரை 'மயோகார்டியல் இன்பார்க்‌ஷன்' என்பதனிடமும் கொண்டு சேர்க்கும். தலைப்புகள் யாவும் கிளை கிளையாக அடுக்கப்பட்டிருப்பதால், சுவாச நோய்கள் என்று பொதுவாகக் கேட்டவருக்கு நிமோனியாவைப் பற்றிய கட்டுரைகளும் உடன் வந்து சேரும்.

இப்பட்டியலை இயற்றியதைக் காட்டிலும், ஆண்டுதோறும் திருத்தி இன்று 30,000க்கும் மேற்பட்ட தலைப்புகளோடு காத்து வருவதையே நான் பெரிய காரியமாகக் கருதுகிறேன். 1981 ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாலிபர் ஐவருக்கு அபூர்வமானதொரு நிமோனியா கண்டதாக அறிக்கை வெளிவந்தபோது, அந்த வியாதிக்கு நாமகரணமே ஆகியிருக்கவில்லை. ஓரினச் சேர்க்கையாளரோடு அதைப் பிணைத்துக் கூறும் பெயரொன்று சில காலம் உலவி, 1982 செப்டம்பரில் அரசாங்க நோய்த்தடுப்பு நிலையம் 'எய்ட்ஸ்' என்ற பெயரைக் கைக்கொண்ட பின்னரே, 1983இல் அதன் முழுப்பெயர் பட்டியலில் ஏறியது. அவசரப்பட்டு முதற்பெயரை ஏற்றியிருப்பார்களாயின், ஒரு சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட பழிக்கு நூலகத்தின் முத்திரையும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தத் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு: அதற்கு முன் வந்த கட்டுரைகள் வேறு வேறு தலைப்புகளின் கீழே சிதறிப்போயின. எந்தத் தலைப்பு எந்த ஆண்டு முதல் வழக்கில் உள்ளது என்னும் குறிப்பைப் பட்டியலிலேயே பதித்து வைப்பது இக்காரணம் பற்றியே. அதைப் படியாமல் தேடுபவர், முன்னோர் ஒன்றும் எழுதவில்லையென்றே முடிவு கட்டிவிடக்கூடும்.

தலைப்பாக நிற்கும் பெயரைவிட, விலக்கப்பட்ட பெயரே சில சமயம் அதிகம் உழைக்கிறது. 'மென்டல் ரிட்டார்டேஷன்' என்ற சொல் நோயாளிக்கு இழிவு தருவதெனக் கைவிடப்பட்டு, 'இன்டலெக்சுவல் டிஸ்எபிலிட்டி' என்பது அதன் ஸ்தானத்தைப் பெற்றது. எனினும் பழஞ்சொல்லை அடியோடு அழித்துவிடாமல், வழிகாட்டும் பெயராக இன்னமும் வைத்திருக்கிறார்கள். அழித்துவிடுவதே நாகரிகம் என்று வாதிப்போரும் உண்டு. அவ்வாறு செய்தால், அச்சொல்லையே தாங்கி நிற்கும் பல்லாண்டுக் கால மருத்துவ ஆராய்ச்சிகளை நாடி, அதை மாத்திரமே அறிந்து வரும் வாசகர் வெறுங்கையோடு திரும்ப நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கட்டுரைதோறும் தலைப்பிடும் வேலையை 2022 முதல் பெரும்பாலும் யந்திரமே செய்து வருகிறது. ஆயினும், எப்பெயரைச் சேர்ப்பது, எதை மாற்றுவது, மாற்றியதை எங்கே நிறுத்துவது என்ற விசாரணை மட்டும் ஆண்டுதோறும் நூலகத்துப் பண்டிதர்களிடமே வந்து சேர்கிறது.