ரயிலில் ஒரு நிமிடப் பாடங்கள்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் காலை ரயிலில் கல்லூரி மாணவர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்கின்றனர். அப்போது கைப்பேசியில் ஓடும் குறுங்காணொளிகளே பலருக்குப் பணத்தைப் பற்றிய முதல் பாடநூலாகி வருகின்றன. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. இன்றைய இளங்கலை மாணவர் பள்ளிப் பருவத்திலேயே இவற்றைக் கண்டவர்.

வைப்புத்தொகை அறியாமை, மாதச் சம்பளம் அடிமைத்தனம், இருபத்தைந்து வயதுக்குள் கோடி சேர்க்காதவர் தோற்றவர். இக்கருத்துகளை எவரும் வாதிட்டு நிறுவுவதில்லை. ஒரு சொகுசுக் காரும் ஏறுமுக வரைபடமும் காட்டினால் போதும். ஒருமுறை நின்று பார்த்தவருக்கு அதே வகைக் காணொளிகள் மேன்மேலும் வந்து சேர்கின்றன. நூறு முகங்கள் ஒன்றையே சொல்லும்போது அது ஊரறிந்த உண்மையாகத் தோன்றிவிடுகிறது.

கோலார் தங்கவயலில் இதற்குத் தனி வலிமை உண்டு. (இவ்வூரின் பெயரையே வெளியுலகம் ஒரு திரைப்படத்தின் துண்டுக் காட்சிகளால் அறிகிறது என்பது வேறு கதை.) 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது நிலையான ஊதியம் பல குடும்பங்களுக்குக் கைநழுவியது. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை சென்ற சுரங்கத்தில் உழைத்தவரின் பேரப்பிள்ளையிடம் 'வேலை உன்னைக் காப்பாற்றாது' என்று ஒரு காணொளி கூறினால், அதைப் பொய்யென்று அவரால் எளிதில் ஒதுக்க இயலாது. வீட்டிலேயே அதில் பாதியைக் கேட்டிருப்பார். மறுபாதிதான் ஆபத்தானது.

2021-22 முதல் 2023-24 வரை பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நட்டமடைந்தவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். முப்பது வயதுக்குட்பட்டோரின் பங்கு 2022-23இல் 31 விழுக்காடு. மறு ஆண்டே 43. இந்த எண்கள் எந்த ரீல்ஸிலும் காருக்கு அருகில் நிற்பதில்லை.

'நாளை இதை வாங்குங்கள்' என்று சொல்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். அதைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

கிளையில் அமர்ந்திருக்கும் எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 'உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடுத்தால் கமிஷன் தருகிறோம்' என்னும் அழைப்புகளும் கைப்பேசி வழியே மாணவர்களைத் தேடி வருகின்றன. அக்கணக்கில் மோசடிப் பணம் புகுந்தால் கணக்கு முடக்கப்படும். அதே கணக்குக்கு வரும் கல்வி உதவித்தொகையும் சிக்கிக்கொள்ளும். காவல்துறையின் விசாரணை கணக்கு வைத்திருப்பவரிடமே தொடங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் தயங்காமல் கிளைக்கு வந்து எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவும்.