கோதை வந்தான், கோதை வந்தாள்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் என்ற ஊர் இருக்கிறது. ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு சிவன் கோயில், பாறையில் பழங்கால மனிதர் கீறிவைத்த உருவங்கள், இவற்றால் பெயர் பெற்ற ஊர். அந்த ஊரில் உங்கள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டில் கட்டியாயிற்று. பாட்டி சர்க்கரைத் தண்ணீரும் கையுமாக நிற்கிறார். குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல ஒரு பெயர் வேண்டும். அக்கா உங்களைப் பார்த்துச் சொல்கிறாள்: "ஆணுக்கும் பொருந்தணும், பொண்ணுக்கும் பொருந்தணும், அப்படி ஒரு பேரு சொல்லு. நாளைக்கு இது எப்படி வளருதோ, பேரு குறுக்கே நிக்கக் கூடாது." பாட்டி திகைக்கிறார். "அப்படியும் ஒரு பேரு உண்டா?"

உண்டு. பாட்டிக்கே தெரிந்த பெயர்களில் உண்டு. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையாவது பிழைக்கட்டும் என்று குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். எமனுக்கும் கண்ணேறுக்கும் பிடிக்காத பெயராக இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். ஆணா பெண்ணா என்பதைப் பெயரில் காட்டக் கவலைப்படவில்லை. குப்பு வளர்ந்து குப்புசாமியும் ஆகலாம், குப்பம்மாளும் ஆகலாம்.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். ஒரு பெயர் ஆண்பெயர் என்றோ பெண்பெயர் என்றோ நமக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் அதன் வால் நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களை ஆராய்ந்த ஆன் கட்லர் முதலிய மொழியியலார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்பெயர்கள் உயிரொலியில் முடிவது அதிகம் என்றும், அழுத்தம் முதல் அசையில் விழாமலிருப்பதும் இகர ஒலி வருவதும் அவற்றில் கூடுதல் என்றும் கண்டார்கள். தமிழில் வால் இன்னும் வெளிப்படை. அன் என்று முடிந்தால் ஆண். இ என்றோ ஐ என்றோ முடிந்தால் பெண். முருகன், வள்ளி, மங்கை.

ஆனால் இது சட்டமல்ல, பழக்கம்தான். பாரி, ஓரி, காரி, நள்ளி ஆகிய வள்ளல்கள் யாவரும் ஆண்கள். பெயரோ இகரத்தில் முடிகிறது. கோதை என்ற பெயரைக் கேட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்தான் உங்கள் நினைவுக்கு வருவாள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் நாணயங்களில் 'மாக்கோதை' என்றும் 'குட்டுவன் கோதை' என்றும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. அவை மீசை முளைத்த அரசர்களின் பெயர்கள்! கோதை என்றால் மாலை. மாலையை யாரும் சூடலாம் அல்லவா?

இன்னொன்றும் பாருங்கள். மாணிக்கம் என்றால் ஆண் என்கிறோம். மரகதம் என்றால் பெண் என்கிறோம். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் கற்கள். இரண்டின் ஈறும் ஒன்றே. இலக்கணத்தில் இதற்குக் காரணம் தேடினால் கிடைக்காது. தங்கமும் இரத்தினமும் இன்றும் இரு பக்கமும் நடமாடுகின்றன. இவையெல்லாம் அஃறிணைச் சொற்கள். தமக்கென்று ஆண்பால் பெண்பால் இல்லாதவை. ஆளுக்குப் பெயராகும்போது ஆள்தான் அதற்குப் பால் தருகிறார். மதி, எழில், இசை, அன்பு, தமிழ் முதலிய பெயர்கள் அக்காவுக்குப் பொருந்துவது இதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பெயர் பொதுவாக இருந்தாலும் வினைச்சொல் விடுவதில்லை. 'மதி வந்தான்' என்றோ 'மதி வந்தாள்' என்றோ சொல்லியாக வேண்டும். ஆனால் தமிழ் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. 'மதி வந்தார்' என்றால் மரியாதையும் ஆயிற்று, பாலும் தெரியாது. அதோடு, குழந்தை தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான் வந்தேன்' என்றுதான் சொல்லும். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இந்தியில் இந்த வசதி கிடையாது. 'நான் வந்தேன்' என்பதையே ஆண் 'ஆயா' என்றும் பெண் 'ஆயீ' என்றும் முடிக்க வேண்டும்.

இந்த 'ஆர்' ஈறு எவ்வளவு நன்றாக மறைக்கும் என்பதற்குச் சங்கப் புலவர்களே சாட்சி. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலைக் கோட்டையாகக் கொண்ட ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மீது சிறுபாணாற்றுப்படை பாடியவர் நத்தத்தனார். இந்தப் பெயரில் 'தத்தன்' என்பது உள்ளே தெரிவதால் ஆண் என்று கொள்கிறோம். காக்கைபாடினியார் நச்செள்ளையாரைப் பெண் என்று அறிகிறோம். ஆனால் வேறு பல புலவர் பெயர்களில் 'ஆர்' ஒரு திரைபோல விழுந்துகிடக்கிறது. அதனால்தான் சங்க காலத்துப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்ற கணக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. பாட்டு இருக்கிறது, பாடியவர் ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை. அதனால் பாட்டின் சுவை குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

அக்கா கேட்பது வெறும் ஆசைக்காக அல்ல. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டவர்களில் சிலர் வளர்ந்தபின் தம்மைப் பெண்ணாக உணர்கிறார்கள். அவர்களைத் திருநங்கையர் என்கிறோம். இதற்கு மறுதலையாக உணர்பவர்கள் திருநம்பியர். இரண்டிலும் அடங்காமல் தம்மை உணர்பவர்களும் உண்டு. தொல்காப்பியமே இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களைக் கருதியிருக்கிறது. அவர்களைச் சுட்டத் தனி ஈறு மொழியில் இல்லை என்பதைக் கூறி, உயர்திணை ஈறுகளையே கொண்டு அவர்களைச் சொல்லவேண்டும் என்று கிளவியாக்கத்தில் விதிக்கிறது. ஆண்பால் வினை அவர்களுக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறது. அஃறிணைக்குத் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெருமுக்கல்லிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கூவாகம் இருக்கிறது. 2019-இல் மாவட்டம் பிரியும்வரை விழுப்புரத்தில் இருந்தது, இப்போது கள்ளக்குறிச்சியில். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்ள நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் வருகிறார்கள். அங்கே ஒருவர் தம் பெயரைச் சொன்னால் அது பெரும்பாலும் அவரே தேர்ந்த பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். அந்த ஒரு முரண்பாட்டால் வங்கியிலும் தேர்வு மையத்திலும் வேலை கேட்கும் இடத்திலும் ஒவ்வொரு முறையும் தம் வாழ்க்கைக் கதையை முன்பின் அறியாதவரிடம் சொல்லவேண்டி வருகிறது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அவர்களுடைய அடையாளத்தை ஏற்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணங்களில் முதற்பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. இருந்தாலும் அரசிதழில் அறிவிப்பு, பிறகு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவது என்று அலைச்சல் குறைவில்லை. பிறந்த நாளில் வைத்த பெயரே பொதுவாக இருந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

பிற நாடுகளில் என்ன நிலை? ஜெர்மனியில் பெயர் பாலைக் காட்டியாகவேண்டும் என்பது பதிவு அலுவலகங்களின் பழைய பிடிவாதம். இந்தியத் தொடர்புள்ள ஒரு குடும்பம் தம் பெண் குழந்தைக்குக் கிரண் என்று பெயர் வைக்க விரும்பியது, பதிவாளர் மறுத்தார். 2008 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், பெயர் பாலைக் காட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, குழந்தையின் நலன் கெடாமல் இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. கிரண் என்றால் ஒளிக்கதிர். பக்கத்துப் புதுச்சேரியில் 2016 முதல் 2021 வரை துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியும், விக்கெட் காப்பாளர் கிரண் மோரேயும் பெயர் அளவில் ஒருவரே! சீக்கியர்களிடம் இது இன்னும் இயல்பு. ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கவுர். முற்பெயர் இருவருக்கும் பொது. மகளிர் கிரிக்கெட்டில் ஹர்மன்பிரீத் கவுர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்.

பொதுப்பெயர் என்றென்றும் பொதுவாக நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்கச் சமூகவியலார் ஸ்டான்லி லீபர்சன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பெயர்களின் நிலையாமையைக் காட்டியது. லெஸ்லி, பெவர்லி என்பன ஒரு காலத்தில் ஆண்பெயர்கள். பெண்களுக்கு அவற்றை வைப்பது பெருகியதும், ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள் மெல்ல ஒதுங்கிவிட்டார்கள். எதிர்த்திசை நகர்வு மிக அரிது. பெண்ணின் பெயரை மகனுக்கு வைப்பது குறைவு என்று எண்ணும் மனம்தான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பெயருக்கு வந்த நோயல்ல இது.

தமிழில் இதற்கு ஒரு மாற்று உண்டு. மொழியே அதைத் தருகிறது. நம்முடைய பெயர்கள் ஒட்டுச் சேர்ந்து நீள்பவை. தமிழ் என்பது வேர். செல்வன் சேர்த்தால் ஒன்று, செல்வி சேர்த்தால் மற்றொன்று. மதியழகன், மதியழகி என்பதும் அவ்வாறே. சான்றிதழில் வேரை மட்டும் எழுதி, ஒட்டைக் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஒட்டு வேண்டாம் என்றாலும் பெயர் முழுமையாகவே நிற்கும்.

அவசரமும் வேண்டாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பாலைக் குறிக்க அந்தப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த அலைவது தனிக் கதை.