கோப்பு தொலையவில்லை, கணினி பழையதைக் காட்டுகிறது

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், குருமண்வெளிக்கு எதிரே மண்டூர் இருக்கிறது. அங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் வைத்திருக்கும் முறைப்பாட்டுப் பிரதிகளையும் காணி அனுமதிப்பத்திரங்களையும் ஸ்கான் செய்து சேமிக்கும் ஒரு சிறு முயற்சிக்குத் தொழில்நுட்ப உதவி செய்கிறேன். கணினிகள் நான்கு, கோப்புகள் இருப்பதோ ஒரே சேர்வரில். இவற்றை இணைப்பது, 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறைமை. இப்படி ஆவணம் சேர்ப்போர் வேறு ஊர்களிலும் இருப்பதால், வழக்கமாக வரும் மூன்று சிக்கல்களை எழுதுகிறேன்.

கோப்பைக் காணவில்லை

ஒரு கணினியில் ஸ்கான் செய்தது மற்றதில் தெரியாது. ஒவ்வொரு தடவையும் சேர்வரைக் கேட்டால் வேகம் குறையும் என்பதால், கணினி தான் கடைசியாகப் பார்த்த பட்டியலைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கிறது. லினக்ஸின் வழமையான அமைப்பில் கோப்புறைகளுக்கு இது 30 முதல் 60 செக்கன். ஆகவே ஒரு நிமிடம் பொறுங்கள். திருத்திய ஆவணம் பழையபடி தெரிந்தால், திருத்தியவர் அதைச் சேமித்து மூடிவிட்டாரா என்று கேளுங்கள். பிறகு நீங்களும் மூடித் திறவுங்கள். திறக்கும்போது கணினி சேர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும்.

அவசரப்பட்டுப் பழையதை அச்சிட்டுக் கொடுத்துவிடக்கூடாது. ஒரே முறைப்பாட்டில் இரண்டு திகதிகள் இருந்தால், விசாரணையில் அந்தத் தாயிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது

கடவுச்சொல்லை மாற்ற முன் மணிக்கூட்டைப் பாருங்கள். ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, கணினிகளின் நேரம் வழமையாக 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் உள்ளே விடாது. தாய்ப்பலகையின் சிறு பற்றரி செத்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். பற்றரியை மாற்றுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் எல்லாக் கணினிகளும் சேர்வரிடமிருந்தே நேரத்தை எடுக்கும்படி செய்யுங்கள். நேரம் சரியென்றால், கெர்பரோஸ் தந்த அனுமதிச்சீட்டு காலாவதியாகியிருக்கலாம். மீண்டும் கடவுச்சொல் கொடுத்துப் புதிதாகப் பெறுங்கள்.

பிழையே வராத நிலை

மூன்றிலும் ஆபத்தானது இதுதான். தொல்லை வேண்டாமென்று கெர்பரோஸை நிறுத்திவிடும்படி எங்களுக்கும் ஆலோசனை வந்தது. நிறுத்தினால் என்எஃப்எஸ் பழைய முறைக்குத் திரும்பும். அதில் சேர்வர் கடவுச்சொல் கேட்பதில்லை, கணினி சொல்லும் பயனர் இலக்கத்தை அப்படியே நம்புகிறது. பல லினக்ஸ் கணினிகளில் முதற்பயனரின் இலக்கம் 1000. அனுமதிக்கப்பட்ட வலையமைப்பில் மடிக்கணினியைச் செருகி "நான் 1000" என்று சொல்பவர், அந்த இலக்கத்துக்குரிய வாக்குமூலங்களை எல்லாம் வாசிக்கலாம்.

யார் கையில் போகும் என்ற பயத்தோடுதான் எங்கள் சனம் இந்தக் கடதாசிகளைத் தருகிறது. அதனால் கெர்பரோஸை நிறுத்தவில்லை. அதன் மூன்று பாதுகாப்பு நிலைகளில், வழியில் போகும் தரவையும் மறையாக்கம் செய்யும் மூன்றாவதையே வைத்திருக்கிறோம். வேகம் கொஞ்சம் குறைவு. மூலப்பிரதியை அன்றைக்கே குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.