மோட்டார் சைக்கிள் நெடும்பயணம்: வண்டிக்கும் வேண்டும் கடவுச்சீட்டு

ஐரோப்பாவிலிருந்து தரைவழியே தெற்காசியாவுக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல விரும்புவோர், கரடுமுரடான பாதைகளுக்கேற்ற டயர்கள், பெரிய பெட்ரோல் டாங்கி, என்ஜினின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு ஆகியவற்றைப் பொருத்துவதிலேயே முதலில் கவனம் செலுத்துகின்றனர். ஆனால், இவையனைத்தும் இருந்தும் ஓர் ஆவணம் இல்லாவிட்டால் வண்டி எல்லைச் சாவடியிலேயே நின்றுவிடக்கூடும்.

'கார்னே' எனப்படும் அந்த ஆவணத்தை வண்டிக்கான சுங்கக் கடவுச்சீட்டு எனலாம். 1954 ஆம் ஆண்டின் ஐ.நா. சுங்க உடன்படிக்கை இதற்கு அடிப்படையாக அமைந்தது. அங்கீகாரம் பெற்ற மோட்டார் வாகனச் சங்கங்கள் இதனை வழங்குகின்றன. பொதுவாக இது ஓராண்டு காலம் செல்லுபடியாகும். இதனைக் கோரும் நாடுகளில் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து ஆகியவை அடங்கும்.

தற்காலிகமாகக் கொண்டுவரப்படும் வண்டி மீண்டும் வெளியே எடுத்துச்செல்லப்படும் என்பதற்கான உத்தரவாதமே கார்னே. வெளியேறும்போது சுங்க முத்திரை பெறத் தவறினால், அந்நாடு இறக்குமதி வரியைக் கோரலாம். அந்தச் சுமை இறுதியில் பயணி அளித்த பிணைத்தொகையின் மீதே விழும். பழைய வண்டிகளுக்கான வரி, சில நாடுகளில் அவற்றின் விலையையே விஞ்சிவிடுகிறது.

ஆகவே, பழுதடைந்த வண்டியை வழியில் விற்றுவிட்டோ கைவிட்டோ எளிதில் நாடு திரும்ப இயலாது. என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கார்னேயில் குறிக்கப்படுவதால், இடைவழியில் வேறு என்ஜினைப் பொருத்துவதும் சிக்கலை உண்டாக்கும்.

தேய்ந்த என்ஜினை மாற்ற எண்ணுவோர் அதனை ஊரிலேயே மாற்றி, பதிவுச் சான்றிதழைத் திருத்திய பின்னரே கார்னேக்கு விண்ணப்பிப்பது நன்று.