புது ஹிமாலயனைக் கொடுத்துவிட்டு பழைய புல்லட்டுக்கு மாறலாமா? வலது கால் கியரில் இருக்கும் ஆபத்து என்ன?

கன்னியாகுமரி மாவட்டம் அஞ்சுகிராமத்தில் இருந்து கன்னியாகுமரிக்கு பைக்கில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். காஷ்மீரில் இருந்து வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிகிற இடம் அது. 'கே டு கே' என்று ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு பக்கமும் பெட்டி கட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்த வண்டிகளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அவ்வளவு பழக்கம்.

டூரிங் பைக் வாங்கி நாலைந்து நீண்ட பயணம் போனவர்களுக்கு சில நேரம் இன்னொரு ஆசை வரும். "இது நல்லாத்தான் ஓடுது, ஆனா அந்தப் பழைய புல்லட் சத்தம் வராதுல்லா?" அப்படித் தொடங்கும் பேச்சு, சில மாதங்களில் புது வண்டியை விற்றுவிட்டு 20 வருடப் பழைய வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவதில் போய் முடியும்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் பலரும் கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது இன்ஜினில் இல்லை, ஓட்டுபவரின் கால்களில் இருக்கிறது.

இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வண்டி 2023 நவம்பரில் வந்தது. 452 சிசி, தண்ணீரால் குளிர்விக்கப்படும் இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், 6 கியர், 17 லிட்டர் டேங்க். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ். நாகர்கோவிலில் காலையில் கிளம்பி, நூறு கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனாலும் இன்ஜின் அலட்டிக்கொள்ளாது.

பழைய புல்லட் 350 வேறு காலத்து வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது, சென்னை திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடிய பிறகும், அந்த வண்டி பெரிய மாற்றமில்லாமல் திருவொற்றியூரில் இருந்து வந்துகொண்டே இருந்தது. 346 சிசி, காஸ்ட் அயர்ன் இன்ஜின், சுமார் 18 குதிரைத்திறன், 4 கியர், டிரம் பிரேக். 2010 வாக்கில்தான் அந்த இன்ஜின் முழுசாக விடைபெற்றது.

சக்தியில் பாதிகூட இல்லை. 70, 75 கிலோமீட்டர் வேகம்தான் அதற்குச் சுகம். அதைத் தாண்டி மணிக்கணக்கில் விரட்டினால் இன்ஜின் சூடாகும், நட்டு போல்ட் தளரும், ஓட்டுபவரின் கையும் மரத்துப்போகும். ஒரு நாளில் 600 கிலோமீட்டர் போய்ப் பழகியவர் இனி 300, 350 என்று திட்டம் போட வேண்டும். இதை எல்லோரும் எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பிரச்சினை அடுத்தது.

கால் ஏன் ஏமாற்றும்?

இன்றைய பைக்குகள் எல்லாவற்றிலும் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். பழைய புல்லட்டில் இது தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்தக் கால பிரிட்டிஷ் பைக்குகளின் வழக்கம் அது. ஜப்பான் வண்டிகள் உலகச் சந்தையைப் பிடித்த பிறகு இடது கால் கியரே எங்கும் நிலைத்தது. புல்லட் மட்டும் பழைய வழக்கத்தை ரொம்ப காலம் விடவில்லை.

இதோடு முடியவில்லை. கியர் விழும் முறையும் வேறு. புது வண்டியில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் கீழே.

இதை வாயால் சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரியும். காலுக்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும். வழக்கமான ஓட்டத்தில் யோசித்து யோசித்துச் சரியாகப் போட்டுவிடலாம். சிக்கல் வருவது யோசிக்க நேரமில்லாத நொடியில்தான். மயிலாடி ரோட்டில் திடீரென ஒரு ஆடு குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் பழகிய வலது கால் தானாகவே கீழே அழுத்தும். அங்கே இருப்பது பிரேக் இல்லை, கியர் லிவர். கீழே அழுத்தினால் அடுத்த பெரிய கியர் விழும். அதாவது பின் பிரேக் பிடிக்கவே இல்லை, இன்ஜின் கொடுக்கிற தடுப்பும் குறைந்துவிட்டது. நிற்க வேண்டிய வண்டி முன்னே போகும்.

இன்னொரு தவறும் நடக்கும். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கலாம் என்று பழக்கத்தில் இடது காலை அழுத்துவார்கள். அங்கே இருப்பது பின் பிரேக். ஏபிஎஸ் கிடையாது. மழை ரோடு, கொஞ்சம் மணல் என்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலை வீசும். இந்த இரண்டில் எது முதலில் நடக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வீட்டில் இன்னொரு பைக் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். காலையில் இடது கியர், சாயங்காலம் வலது கியர் என்று மாறி மாறி ஓட்டினால் கால் எதையும் முழுசாகப் படிக்காது. முதல் ஒரு மாதமாவது பழைய புல்லட்டை மட்டும் ஓட்டுவது நல்லது. அதுவும் ஊருக்குள், வெறிச்சோடிய ரோட்டில், 40 கிலோமீட்டர் வேகத்துக்குள். நின்று கிளம்புவதை விட, ஓடிக்கொண்டிருக்கும்போது 'நிறுத்து' என்று தனக்குத்தானே சொல்லி நிறுத்திப் பார்ப்பதுதான் உண்மையான பயிற்சி. முன் பிரேக் லிவர் மட்டும் இரண்டு வண்டியிலும் வலது கையிலேயே இருக்கிறது என்பது ஒரு ஆறுதல். டிரம் பிரேக் என்பதால் பிடிக்கும் தூரம் கூடும். அதையும் கை படிக்க வேண்டும்.

"ஒரு ரவுண்டு அடிச்சுட்டுத் தாறேன்" என்று நண்பர் சாவி கேட்டால், இந்த வண்டியைப் பொறுத்தவரை மறுப்பதே மரியாதை.

வலது கியர் வேண்டவே வேண்டாம், ஆனால் பழைய வண்டி வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2002-ல் வந்த தண்டர்பேர்டில் கியர் இடது பக்கம், அதுவும் 5 கியர். நீண்ட பயணத்துக்கென்றே உட்காரும் நிலை அமைந்த வண்டி. காஸ்ட் அயர்ன் சத்தம் அதில் அப்படியே கிடைக்காது என்று புல்லட் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். கால் பத்திரமாக இருப்பது முக்கியமா, சத்தம் முக்கியமா என்பதை வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதே ஒரு பாடம்

பட்டனை அமுக்கிக் கிளம்பியவருக்கு இது புது அனுபவம். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஓரிடத்தில் கல் மாதிரி நிற்கும். அப்போது இடது கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, ஹெட்லைட் மேலே உள்ள ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முறை தெரிந்தால் மெலிந்த ஆளும் ஸ்டார்ட் செய்வார். தெரியாமல் அரைகுறையாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும்.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். புது வண்டியில் ஒரே இன்ஜின் ஆயில். பழையதில் இன்ஜினுக்குத் தனி, கியர் பெட்டிக்குத் தனி, கிளட்ச் பக்கம் தனி. நீண்ட பயணத்தில் பாயின்ட் செட், கண்டென்சர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் பையில் இருக்க வேண்டும். நல்ல பக்கமும் உண்டு: நடுவழியில் நின்றால் லேப்டாப் தேட வேண்டாம், ஸ்பேனர் தெரிந்த மெக்கானிக் போதும்.

பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால்?

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய மாதிரி இரு சக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. மைலேஜை விட, ரப்பர் பாகங்களும் துருவும்தான் பெரிய தலைவலி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அஞ்சுகிராமம் மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊரில், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் டேங்கின் உள்பக்கம் துருப்பிடிக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர்களை வாங்கியதும் மாற்றிவிடுவது செலவு குறைவான காப்பு. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

விற்கும்போதும் வாங்கும்போதும் பேப்பர்

பணம் வந்துவிட்டது, சாவி கொடுத்தாச்சு, "பேரு மாத்துறதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று வாங்குபவர் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் மாறவில்லை. எனவே படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டதோடு விடாமல், பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். கடனில் வாங்கிய வண்டி என்றால் படிவம் 35 கொடுத்து கடன் குறிப்பை முதலில் நீக்க வேண்டும். வாங்குபவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியது வயது. பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2005-ல் பதிவான புல்லட் என்றால் 2020-ல் ஒரு தடவை, 2025-ல் இன்னொரு தடவை புதுப்பித்திருக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய பைக்கின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. விற்பவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தச் சுமை வாங்குபவர் தலையில்தான் விழும். விலை பேசும்போதே இதைக் கழிக்கச் சொல்லலாம்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா. கே.எல். எண்ணுள்ள நல்ல புல்லட் கண்ணில் பட்டால், அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் பதிவை மாற்றும்போது தமிழ்நாட்டு வரியும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். இன்ஜின் எண், சேஸ் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குவது, கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்குச் சமம்.

புது புல்லட்டே வாங்கினால் என்ன?

நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40 சதவீதம். இன்றைய புல்லட் 349 சிசி என்பதால் குறைந்த வரியில் வருகிறது, ஹிமாலயன் 450 கூடுதல் வரியில். புது புல்லட்டில் இடது கியர், பட்டன் ஸ்டார்ட், ஏபிஎஸ் எல்லாம் உண்டு. பழைய தோற்றம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது தலைவலி இல்லாத வழி. பழைய இன்ஜினின் துடிப்பே வேண்டும் என்பவர்களை இது சமாதானப்படுத்தாது.

முதல் நீண்ட பயணம் எப்போது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் தென்மேற்குக் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. காவல்கிணறு பக்கம் பக்கவாட்டில் அந்தக் காற்று மோதும்போது கனமான புது வண்டியே ஆடும். ஒல்லியான டயரும், இரண்டு பக்கம் பையும் உள்ள பழைய புல்லட்டில், எந்தக் கால் பிரேக் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர் அந்த ரோட்டில் ஏறக் கூடாது. காற்று அடங்கிய பிறகு, கூடங்குளம், உவரி வழியாகத் திருச்செந்தூர் போய் வருவது முதல் பயணத்துக்கு ஏற்றது. ரோடு பெரும்பாலும் சமதளம், ஊர்கள் பக்கம் பக்கம், வண்டி நின்றால் உதவி கிடைக்கும்.

காஷ்மீர் வரை போகும் கனவு இருந்தால் டெல்லியைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகர் பகுதியில் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-ல் இந்த விவகாரம் மறுபடியும் நீதிமன்றத்துக்கு வந்தது. 44-ம் எண் சாலை டெல்லி வழியாகத்தான் போகிறது. ஆர்.சி. புதுப்பித்து வைத்திருந்தாலும் இந்தத் தடை தனி. அதனால் கிளம்பும் வாரத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் தலைநகர் பகுதியைச் சுற்றிப் போகும் பாதையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.