பெயரேடும் இயந்திரமும்

பழைய மாணவர் சங்கமொன்றின் செயலாளர் பதவி எத்துணைச் சுமையுடையது என்பதை அதனை ஏற்றோரே நன்கறிவர். புங்குடுதீவு போன்ற ஊர்களிற் பிறந்து கல்வி பயின்றோர் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் சந்தாவைப் பெறுதல், பற்றுச்சீட்டு விடுத்தல், பெயரேட்டிற் பதிதல், கூட்ட அறிவித்தல் அனுப்புதல் என்பன யாவும் ஊதியமின்றி ஒருவர் இரவு வேளையிற் செய்யும் பணிகள். இவற்றை இயந்திரத்திடம் ஒப்புவிக்கும் வழி இப்பொழுது எளிதாகியுள்ளது. எனினும், ஒப்புவித்த பின்னரும் நாமே எழுதிச் சேர்க்கவேண்டிய சில வரிகள் உள. அவ்வரிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

தன்னியக்கப் பணித்தளம் என்பது ஒரு நிகழ்ச்சி நேர்ந்தவுடன் விழித்தெழுந்து, அதன் தகவலைப் படிப்படியாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கைமாற்றும் மென்பொருளாகும். உறுப்பினர் படிவத்தை நிரப்புகின்றார். தளம் அதனைப் பெயரேட்டிற் பதிகின்றது. பற்றுச்சீட்டை மின்னஞ்சலில் விடுக்கின்றது. பொருளாளருக்குக் குறிப்பொன்று அனுப்புகின்றது. அமெரிக்காவில் 2011 இல் தோன்றிய சேப்பியர் இவ்வகையிற் பெயர் பெற்றது. பேர்லின் நகரில் யான் ஓபர்ஹவுசர் என்பார் 2019 இல் வெளியிட்ட ‘என் எயிற் என்’ மற்றொன்று. ‘நோட்மேசன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கும் இறுதி எழுத்துக்கும் இடையே எட்டு எழுத்துக்கள் நிற்றலால் வந்த விசித்திரப் பெயர் அது. தமிழ்நாட்டில் வேரூன்றிய சோகோ நிறுவனமும் ‘சோகோ புளோ’ என்ற தளத்தை நடத்துகின்றது. அதில் நம் சொந்தக் கட்டளைகளை எழுதுதற்கு ‘டெலூச்’ என்னும் தனி நிரல்மொழியையே அந்நிறுவனம் ஆக்கியுள்ளது. ஏனைய இரண்டிலும் ஜாவாஸ்கிரிப்ற், பைதன் ஆகிய பொதுமொழிகள் ஏற்கப்படும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியும் வேலணையும் கடந்து வரும் பஸ் குறிகட்டுவான் துறையோடு நின்றுவிடும். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர் அவ்விடத்தில் வள்ளம் ஏறவேண்டும். தளத்தின் ஆயத்தப் படிகள் அந்தத் தார்வீதி போன்றன. தளத்தை ஆக்கியவர் நம்மூர் வழக்கை அறியாராதலின், வீதி ஓரிடத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பாற் செல்லுதற்கு நாம் எழுதும் சிறு கட்டளைத் தொகுதியையே ஸ்கிரிப்ற் என்பர்.

முதலிற் பெயரையே எடுத்துக்கொள்வோம். மேனாட்டுப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கேட்கும். நம்மவர் தம் பெயரை முன்னதிலும் தந்தையார் பெயரைப் பின்னதிலும் எழுதுவர். தளமோ குடும்பப்பெயரை எடுத்து, ‘அன்புள்ள திரு. கந்தையா’ என்று பற்றுச்சீட்டை அனுப்பிவிடும். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்திருக்கலாம். மகன் கொடுத்த பணத்துக்கு அவர் பெயரில் நன்றி வருகின்றது! தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக்கி மகன் பெயருக்கு முன்னே வைக்க நாலைந்து வரி போதும். கந்தையாவின் தலைப்பெழுத்து ‘க’ ஆதலால் உயிர்மெய்யை முழுதாக எடுத்தல் வேண்டும். கணினிக் குறியீட்டில் ‘கோ’ என்பது ககரமும் உயிர்க்குறியுமாகிய இரண்டு உறுப்புக்களாகக் கிடப்பதால், முதல் உறுப்பை மட்டும் வெட்டியெடுக்கும் நிரல் கோபாலரைக் ககரமாக்கிவிடும்.

இதனினும் கடினமானது பழைய பெயரேடு. இற்றைக்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கங்கள் பலவற்றின் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டன. பாமினியில் ‘அம்மா’ என்று திரையிலே தோன்றுவது உள்ளே ஆங்கில எழுத்துக்களின் கோவையேயாம். அதனை ஒருங்குறிக்கு மாற்றாமல் தளத்தினுள் இட்டால் உறுப்பினருக்குப் போய்ச் சேர்வது பொருளற்ற கிறுக்கல். மாற்றும் ஸ்கிரிப்ற் ஓர் அட்டவணையைக் கொண்டு ஒவ்வொரு குறிக்கும் உரிய தமிழெழுத்தை இடும். இங்கே அட்டவணையின் வரிசைமுறையே உயிர்நாடி. பாமினியிற் ‘கொ’ என்பது, நாம் தாளில் எழுதுவதுபோலவே, கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாய் நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் வருதல் வேண்டும். ஆகவே மூன்று குறிச் சேர்க்கைகளை முதலிலும், இரண்டு குறிச் சேர்க்கைகளை அடுத்தும், தனிக்குறிகளை ஈற்றிலும் மாற்றல் வேண்டும். தனிக் ககரத்தை முதலில் மாற்றினால் கொம்பு அநாதையாகி முன்னே தொங்கும். மின்னஞ்சல் முகவரி இருக்கும் நிரலை இந்த ஸ்கிரிப்ற் தீண்டலாகாது. அது உண்மையான ஆங்கிலம். எது பாமினி, எது ஆங்கிலம் என்று இயந்திரம் தானாகப் பிரித்தறியாது. எந்நிரலை மாற்றுவது என்பதை மனிதரே சொல்லவேண்டும்.

பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது இன்னொரு வியப்பு நேரும். அன்னலிங்கம் முன்னும் அம்பலவாணர் பின்னும், வன்னியநாதன் முன்னும் வல்லிபுரம் பின்னும் வரக் காணலாம். 1991 இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக அதற்கு முன் வகுக்கப்பட்ட வரிசையைத் தழுவியது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம் பெற்றன. நம் நெடுங்கணக்கில் அவ்விரண்டும் ஈற்றில் நிற்பன அல்லவா? எண்வரிசையை மட்டும் நோக்கும் இயந்திரம் இதனை அறியாது. ஜாவாஸ்கிரிப்றில் இரு பெயர்களை ஒப்பிடுங்கால் மொழி தமிழ் என்று குறிப்பிட்டுவிட்டால் அது நெடுங்கணக்கின் ஒழுங்கைப் பின்பற்றும். யூபிலி மலரிலே தன் பெயரைத் தேடும் எண்பது வயதுக் கிழவருக்கு இது சிறிய காரியமன்று.

இவ்விடத்தில் தொடக்கக்காரர் பலர் மயங்குவர். என் எயிற் என் தளத்தில் நம் ஸ்கிரிப்றை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இயக்கலாம். அல்லது பட்டியல் முழுவதற்குமாக ஒருமுறை இயக்கலாம். தலைப்பெழுத்து இடுதல் முன்னதற்குரியது. வரிசைப்படுத்தல் பின்னதற்குரியது, ஒருவரை மட்டும் வைத்து வரிசை அமைத்தல் எங்ஙனம்? பிழைச்செய்தி எதுவுமின்றிப் பட்டியல் முன்போலவே நிற்குமாயின் முதலில் இதனைப் பார்க்க.

நேரமும் கவனித்தற்குரியது. சொந்தக் கணினியில் நிறுவிய என் எயிற் என், நாம் மாற்றாவிடின், நியூயோர்க் நேரத்தையே தன் நேரமாகக் கொள்ளும். மாரிகாலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னிற்கின்றது. திசெம்பர் 31 பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே கட்டிய சந்தா இங்கே புத்தாண்டுக் கணக்கில் விழும். எவ்வூர் நாளை ஏட்டிற் பதிவது என்று செயற்குழு முதலில் தீர்மானித்து, அதனை ஸ்கிரிப்றில் எழுதிவைத்தல் நன்று.

எழுதும் உரிமையை யாருக்கு அளிப்பது என்பது செயற்குழு கூடி ஆராயவேண்டிய மற்றொரு விடயம். ஸ்கிரிப்ற் எழுத வல்லவர் தளத்தின் உள்ளறைவரை செல்ல வல்லவராவர். 2025 இல் என் எயிற் என்னின் பைதன் பகுதியில் ஒரு குறை வெளிப்பட்டது. பணித்தொடரை மாற்றும் உரிமை பெற்ற ஒருவர், தடுப்பைத் தாண்டி அக்கணினியிலேயே கட்டளைகளை இயக்கக்கூடியதாயிருந்தது, 2.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பழைய பதிப்பை வைத்திருக்கும் சங்கங்கள் தாமதியாது மாற்றுக. இருவருக்கு மேற் எழுதும் உரிமை அளித்தல் மிகை என்பது எம் கருத்து. வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை ஸ்கிரிப்றினுள் எழுதாது, தளம் அதற்கென வைத்திருக்கும் பெட்டகத்திலே இடுக. செயற்குழு மாறும் ஆண்டில் ஸ்கிரிப்றின் பிரதி கைமாறும்போது சாவியும் உடன் போகாது. ஒவ்வொரு ஸ்கிரிப்றின் தலையிலும் அது செய்யும் வேலையையும், எழுதியவர் பெயரையும், திகதியையும் தமிழிலேயே குறித்துவைக்கலாம். இரட்டைச் சாய்கோட்டின் பின் வரும் வரியை ஜாவாஸ்கிரிப்ற் படிப்பதில்லை.